நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம், தமிழ்நாடு

நகர்ப்புற ஏழைகளுக்கும் வீடற்றோருக்கும் அரசு முதலீட்டில் குடியிருப்பு கட்டித்தரும் தமிழ்நாடு அரசு நிறுவனம். 1970-இல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கப்பெற்ற இது, 2021-இல் இப்பெயர் பெற்றது. இருந்த இடத்திலேயே கட்டுதல், வேற்றிடத்தில் மறுகுடியமர்த்துதல் என இதன் பணி இருவகைப்படும். சென்னையின் தென்பகுதியில், கோவளத்துக்கு வடக்கேயுள்ள கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் ஆகியவை இரண்டாம் வகையின. 2004 ஆழிப்பேரலையில் வீடிழந்த மீனவர்களும் செம்மஞ்சேரியில் குடியமர்த்தப்பட்டனர்.

இத்தகைய முதலீடு கொத்தனார், கம்பி கட்டுபவர், சித்தாள், தச்சர், மின்பணியாளர் ஆகியோருக்கு நேரடியாகவும், செங்கல், சிமெண்ட் தொழில்களில் மறைமுகமாகவும் வேலை அளிக்கிறது. ஆயினும், வேற்றிடத்தில் குடியமர்த்தப்பட்டோருள் வீட்டுவேலை செய்யும் பெண்களும் மீனவர்களும் பழைய பிழைப்பிடத்துக்கு நெடுந்தொலைவு பேருந்தில் சென்றுவர நேர்வதால், குடியிருப்புடன் வேலை, பள்ளி, போக்குவரத்து ஆகியவையும் அமைந்தாலன்றி மறுவாழ்வு முழுமை பெறுவதில்லை.