மருத்துவமனையை மூடினால் மட்டும் போதுமா?

ஒரு காலத்தில் பிரிட்டனில் அறிவுசார் குறைபாடு உள்ள பலர் பெரிய மருத்துவமனைகளிலேயே ஆயுளைக் கழித்தார்கள். கார்டிஃப் நகரின் ஈலி மருத்துவமனையில் நடந்த கொடுமைகளை 1969 விசாரணை அறிக்கை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. இவர்கள் ஊருக்குள்ளேயே வாழ வழி செய்ய வேண்டும் என்றது 1971 வெள்ளை அறிக்கை. பெரிய மருத்துவமனைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன.

ஆனால் வலிப்பு, மனநோய், கட்டுக்கடங்காத நடத்தை எல்லாம் சேர்ந்து இருப்பவர்களை யார் பார்ப்பது? பராமரிப்பு உள்ளாட்சியின் பொறுப்பு, மருத்துவம் என்.எச்.எஸ். பொறுப்பு. இரண்டும் சேர்ந்து செயல்படாத இடங்களில், இவர்களைத் தூரத்துத் தனியார் மருத்துவமனைகளுக்கு அனுப்பினார்கள்.

அப்படிப்பட்ட ஒன்றுதான் பிரிஸ்டல் அருகே இருந்த வின்டர்போர்ன் வியூ. அங்கே ஊழியர்கள் நோயாளிகளைத் துன்புறுத்தியதை 2011-இல் பிபிசி படம்பிடித்துக் காட்டியது. ஒருவருக்கு வாரக் கட்டணம் சராசரியாக 3,500 பவுண்டு! இரு தரப்பையும் ஒன்றாகத் திட்டமிட வைக்க, 2015-இல் இங்கிலாந்து முழுவதும் கூட்டமைப்புகள் அறிவிக்கப்பட்டன. அந்தப் பணத்தை முதலிலேயே அவரவர் ஊரில் செலவழித்திருக்கலாம்.