சிறந்த கால்பந்தாட்டக்காரர் விருது, இந்தியா

அனைத்திந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு நாட்டின் தலைசிறந்த ஆட்டக்காரர்களுக்கு ஆண்டுதோறும் வழங்கும் விருது. கூட்டமைப்பு 1937-இல் தோன்றியது. விருது 1992-இல் தொடங்கியது. இவ்வகைப் பரிசுகளில் பெயர்பெற்றது, 'பிரான்ஸ் ஃபுட்பால்' இதழ் 1956-இல் ஏற்படுத்திய தங்கப் பந்து (பாலோன் தோர்). அதை முதலில் பெற்ற இங்கிலாந்தின் ஸ்டான்லி மேத்யூஸுக்கு அப்போது வயது 41. ஃபிஃபா தனது விருதை 1991-இல் தொடங்கியது. இந்திய விருது அதற்கடுத்த ஆண்டே வந்திருப்பினும், அதைப் பின்பற்றித்தான் வந்தது என்று உறுதியாகக் கூற இயலாது.

விருது காலந்தாழ்த்தி வந்ததால், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காமிடமும் 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கமும் வென்ற தலைமுறையினர் எவரும் இப்பட்டியலில் இல்லை. 1960 ரோம் ஒலிம்பிக்கில் பெரு அணிக்கு எதிராகக் கோலடித்த தஞ்சாவூர் சைமன் சுந்தரராஜும் இல்லை. ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா கடைசியாக அடித்த கோல் அதுவே.

முதற் பத்தாண்டில் கேரளத்தவர் கை ஓங்கியிருந்தது. அவர்களுள் ஐ. எம். விஜயன் இவ்விருதை மூன்று முறை வென்றார். ஒருமுறைக்கு மேல் பெற்ற முதல் ஆட்டக்காரரும் இவரே. அவ்வாண்டுகள் 1993, 1997, 1999 எனப் பரவலாகக் குறிக்கப்படுகின்றன. ஓரிரண்டு ஆண்டுகள் மாறிக் காணப்படுவதும் உண்டு. திருச்சூரில் வறிய குடும்பத்தில் பிறந்த விஜயன், சிறுவயதில் அவ்வூர் நகராட்சி விளையாட்டரங்கில் ஆட்டம் பார்க்க வந்தவர்களிடம் சோடா விற்றார். ஒரு புட்டிக்குப் பத்துக் காசு கிடைத்ததாம். பதின்வயதிலேயே கேரளக் காவல்துறை அணியில் சேர்க்கப்பட்டார். அவ்வணி 1990, 1991 ஆகிய ஆண்டுகளில் கூட்டமைப்புக் கோப்பையை அடுத்தடுத்து வென்றது. கொல்கத்தா ரசிகர்கள் இவரைக் கறுப்பு மான் என்றழைத்தனர். 1999 காத்மாண்டு தெற்காசிய விளையாட்டில் பூட்டானுக்கு எதிராகப் பன்னிரண்டாம் நொடியிலேயே கோலடித்தார் என்பர். தமிழ் ரசிகர்களுக்கோ இவரது முகம் 'திமிரு', 'கொம்பன்', 'பிகில்' படங்களின் வழியே அறிமுகம். திரையில் மிரட்டிய அம்மனிதர் பந்தோடு ஓடிய அழகை அறிந்தவர் அவர்களுள் சிலரே. 2025-இல் பத்மஸ்ரீ பெற்றார்.

1995-ஆம் ஆண்டு விருதாளர் யார் என்பதில் நூல்கள் ஒத்துப்போவதில்லை. வி. பி. சத்யன் என்று சிலவும், சிக்கிமின் பாய்ச்சுங் பூட்டியா என்று சிலவும் கூறுகின்றன. இந்திய அணித் தலைவராக இருந்த சத்யன் பின்னர் சென்னையில் இந்தியன் வங்கி அணிக்காக ஆடியவர்; 2006-இல் மறைந்தார்.

2007 முதல் இவ்விருதின் வரலாறு பெரும்பாலும் சுனில் சேத்ரியின் வரலாறே. 2007, 2011, 2013, 2014, 2017, 2018–19, 2021–22 என ஏழு முறை பெற்றார். இடையே 2009-இல் சுப்ரதா பாலும், 2019–20-இல் குர்பிரீத் சிங் சந்துவும் கோல்காப்பாளர்களாக இருந்தே வென்றனர். தங்கப் பந்தோ 1963-இல் லெவ் யாஷினுக்குப் பிறகு எந்தக் கோல்காப்பாளருக்கும் ஆண்கள் பிரிவில் வழங்கப்படவில்லை. தேர்வுமுறை நிலையானதன்று: சில ஆண்டுகளில் இந்தியன் சூப்பர் லீக், ஐ-லீக் கழகப் பயிற்றுநர்கள் வாக்களித்தனர், வேறு சில ஆண்டுகளில் தேசியப் பயிற்றுநர்களே தெரிவு செய்தனர்.

பெண்கள் விருது 2001-இல் மணிப்பூரின் ஒய்னம் பெம்பெம் தேவிக்கு வழங்கப்பட்டது. தங்கப் பந்து பெண்களுக்கு வந்தது 2018-இல்தான் என்பதை இங்கு நினைவிற் கொள்ளலாம். எனினும் இந்திய விருது தொடர்ந்து வழங்கப்படலாயிற்று என்று கொள்ளத்தக்கது 2013 முதலே; அவ்வாண்டும் பெம்பெம் தேவியே பெற்றார். 2023–24-க்குரிய விருதைக் கடலூரைச் சேர்ந்த நடுக்கள ஆட்டக்காரர் இந்துமதி கதிரேசன் வென்றார். 2018–19-இல் இந்தியப் பெண்கள் லீக் பட்டம் வென்ற மதுரை சேது அணியில் ஆடியவர். தமிழகக் காவல்துறையில் உதவி ஆய்வாளர். கொரோனா ஊரடங்கின்போது பந்தை ஒதுக்கிவைத்துச் சென்னைச் சாலைகளில் பணியில் நின்றார். 2023–24-இல் ஆண்கள் பிரிவில் மிசோரமின் லாலியன்சுவாலா சாங்தே தொடர்ந்து இரண்டாம் முறையாக வென்றார்.

2024–25-க்குரிய விருதுகள் சுபாசிஷ் போசுக்கும் சௌமியா குகுலோத்துக்கும் வழங்கப்பட்டன.