வேரைக் காக்கும் பூஞ்சணம்

பூஞ்சணம் என்றாலே பயிருக்குப் பகை என்று பல்லாண்டுகள் மாணவர்க்குக் கற்பித்தவன் நான். அது பாதி உண்மையே என்பதை ஓய்வு பெற்ற பின்னரே உணர்ந்தேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென் ஆஸ்திரேலிய உழவர்கள் கோதுமை நோய் ஒன்றை 'டேக்-ஆல்' என்று அழைத்தனர். 'யாவற்றையும் கொள்வது' என்பது அதன் பொருள். மண்ணில் வாழும் பூஞ்சணம் ஒன்று வேரைக் கருக்கிவிடும். கதிர் மணி பிடியாமல் வெளுத்துப்போகும்.

1931-ஆம் ஆண்டில் கனடா நாட்டில் சான்ஃபோர்டு, பிராட்ஃபுட் என்னும் அறிஞர் இருவர், மண்ணில் வாழும் வேறு பூஞ்சணங்களையும் பாக்டீரியங்களையும் இந்நோய்ப் பூஞ்சணத்தோடு சேர்த்து வைத்து, கோதுமை நாற்றுக்களில் சோதித்தனர். அவற்றுட் சில நோயின் கடுமையை அடக்கின. மறு ஆண்டிலேயே அமெரிக்காவில் வைண்ட்லிங் என்பார், டிரைக்கோடெர்மா என்னும் பூஞ்சணம் பிற மண் பூஞ்சணங்களைப் பற்றி, அவற்றையே உணவாகக் கொள்வதை எழுதினார். இன்று அதனை விதையிற் பூசி விதைக்கின்றனர்.

ஆயினும் சோதனைச்சாலையில் வென்றது வயலில் எப்போதும் வெல்வதில்லை. மண்ணும் ஈரமும் வெப்பமும் முடிவை மாற்றிவிடும்.

என் பழைய மாணவர் எவரேனும் இதனைக் கேட்பாராயின், அன்று எழுதிக்கொண்ட குறிப்பை அன்புகூர்ந்து திருத்திக்கொள்வாராக.