1957: ஒரு பூனை, ஒரு கரடி, ஒரு ஒன்றாம் வகுப்பு

கொஞ்சம் நீளமான பதிவு. பேரப்பிள்ளைகளுக்குப் புத்தகம் வாங்கும் தாத்தா பாட்டிகளும், ஒன்றாம் வகுப்பு எடுக்கும் இளம் ஆசிரியர்களும் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

1983-ல் நான் வேலையில் சேர்ந்த முதல் ஆண்டு. ஒன்றாம் வகுப்பு கொடுத்தார்கள். ஒரு பையன் மூன்றாம் பாடத்தைக் கணீரென்று வாசிப்பான். விரல் வரிமேல் ஓடும். நிறுத்தற்குறி வந்தால் நிறுத்துவான். ஒருநாள் பக்கத்தில் போய் எட்டிப் பார்த்தேன். அவன் விரல் ஓடிக்கொண்டிருந்தது ஐந்தாம் பாடத்தின் மேல்! வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். வீட்டுக்குப் போன பிறகுதான் உறைத்தது. ஆறு மாதமாக அவன் நன்றாக வாசிக்கிறான் என்று நானே குறித்து வைத்திருக்கிறேன். அவனுக்கு அதுவரை ஒரு எழுத்துக்கூடத் தெரியாது.

அவனை ஏமாற்றுக்காரன் என்று சொல்ல முடியுமா? நாங்கள் கேட்டதை அவன் கொடுத்தான். தானே எழுத்துக்கூட்டிப் பார்க்க வேண்டும் என்ற ஆசையை அந்தப் புத்தகம் அவனுக்குக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். குழந்தையின் முதல் புத்தகம் எப்படி இருக்க வேண்டும் என்று அன்றிலிருந்து தேட ஆரம்பித்தேன். அந்தத் தேடலில் தெரிந்துகொண்ட வரலாற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கொமேனியஸ். ஆசிரியர் பயிற்சி படித்தவர்களுக்கு இந்தப் பெயர் மறக்காது. இரண்டு மதிப்பெண் கேள்விக்காக மனப்பாடம் செய்த பெயர். பொருளைக் காட்டிய பிறகு சொல்லைச் சொல்லுங்கள் என்று வாழ்நாள் முழுவதும் வலியுறுத்தியவர். அவருடைய படப்புத்தகத்தின் ஒரு பக்கத்தைக்கூடக் காட்டாமலே எங்களுக்கு அவரைப் பற்றிப் பாடம் நடத்தினார்கள்!

இன்றைய செக் நாட்டுப் பகுதியில் 1592-ல் பிறந்த பாதிரியார் அவர். மதச் சண்டையில் நாட்டை விட்டு வெளியேறியவர். கொள்ளை நோயில் மனைவியையும் குழந்தைகளையும் இழந்தவர். 1656-ல் அவர் தங்கியிருந்த லெஷ்னோ என்ற போலந்து நகரம் தீக்கிரையானபோது, பல ஆண்டுகள் பாடுபட்டுத் தொகுத்த அகராதியின் கையெழுத்துப் படியும் எரிந்து போனது. இரண்டே ஆண்டில், 1658-ல், ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரில் அவருடைய படப்புத்தகம் வெளிவந்தது. கண்ணால் காணும் உலகம் படங்களில் என்று அதன் தலைப்புக்குப் பொருள் கொள்ளலாம்.

150 பாடங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மரச்செதுக்குப் படம். ரொட்டி சுடுபவர், தையற்காரர், மரம், மீன், மழை என்று உலகமே அதில் இருந்தது. படத்தில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு எண். கீழே லத்தீனிலும் ஜெர்மனிலும் உள்ள வாக்கியத்தில் அந்தச் சொல்லுக்கும் அதே எண். குழந்தை படத்திலிருந்து சொல்லுக்கும் சொல்லிலிருந்து படத்துக்கும் தானே போய்வரலாம். அரிச்சுவடிப் பக்கம் இன்னும் அழகு. காகம் கரையும் ஒலி ஒரு எழுத்து, ஆட்டுக்குட்டி கத்துவது ஒரு எழுத்து, காற்று வீசுவது ஒன்று, வாத்து கத்துவது ஒன்று. எழுத்து என்பது ஓர் ஒலி, அந்த ஒலி உனக்கு ஏற்கெனவே தெரியும் என்று குழந்தைக்குத் தைரியம் சொல்கிற பக்கம் அது. அடுத்த ஆண்டே ஆங்கிலத்திலும் வந்தது.

இவ்வளவு நல்ல தொடக்கத்துக்குப் பிறகும் பாதை நேராகப் போகவில்லை. 1690 வாக்கில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் வெளியான நியூ இங்கிலாந்து அரிச்சுவடி பல தலைமுறைகளுக்குப் பாடநூலாக இருந்தது. முதல் எழுத்துக்கு ஆதாமின் பாவம். இன்னொரு பக்கத்தில் ஒரு மதத்தியாகியை உயிரோடு கொளுத்தும் படம். படம் இருந்தது, ஆனால் அது பயமுறுத்துவதற்கான படம்! 1744-ல் லண்டன் பதிப்பாளர் ஜான் நியூபெரி ஒரு குட்டிப் புத்தகம் போட்டார். பையன் வாங்கினால் ஒரு பந்து, பெண் வாங்கினால் ஒரு ஊசி மெத்தை அதோடு கொடுத்தார். குழந்தைக்குப் பிடிக்க வேண்டும் என்று ஒரு வியாபாரி யோசித்ததையும் வரலாறு குறித்து வைத்திருக்கிறது.

இனி நேராக 20-ஆம் நூற்றாண்டு அமெரிக்கா. 1930 முதல் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அங்கே ஒன்றாம் வகுப்புகளில் டிக், ஜேன் என்ற அண்ணன் தங்கை வரும் வாசிப்புப் புத்தகங்கள் கோலோச்சின. ஒலி பிரித்துப் படிக்கக் கற்றுத் தருவதை விட, முழுச் சொல்லையும் ஒரு படம் போலப் பார்த்து அடையாளம் காணப் பழக்குவதே அதன் முறை. அதனால் ஒரே சொல் திரும்பத் திரும்ப வரும். பார், ஓடு, வா, மறுபடியும் பார். சுத்தமான வீடு, சுத்தமான உடை, சண்டையே போடாத குழந்தைகள். கதை என்று ஒன்று நடக்கவே நடக்காது.

1954-ல் லைஃப் இதழில் ஜான் ஹெர்சி ஒரு கட்டுரை எழுதினார். ஹிரோஷிமா பற்றிய புத்தகத்தால் உலகப் புகழ் பெற்ற அதே எழுத்தாளர்தான். தன் ஊர்ப் பிள்ளைகள் ஏன் வாசிக்கத் திணறுகிறார்கள் என்று ஆராய்ந்த குழுவில் அவரும் இருந்தார். இந்தப் புத்தகங்களின் படங்களில் உயிரே இல்லை, கற்பனை வளமுள்ள ஓவியர்களை ஏன் வரையச் சொல்லக்கூடாது என்று கேட்டார். அவர் சொன்ன பெயர்களில் டாக்டர் சூஸும் ஒருவர். அடுத்த ஆண்டு ருடால்ஃப் ஃபிளெஷ் என்பவர், எழுத்தின் ஒலியைச் சொல்லித்தராததுதான் கோளாறு என்று ஒரு புத்தகமே எழுதினார். ஆக, படம் சரியில்லை என்றார் ஒருவர், முறை சரியில்லை என்றார் இன்னொருவர்.

டாக்டர் சூஸ் என்பது தியடோர் கைசலின் புனைபெயர். பூச்சி மருந்து விளம்பரத்துக்குக் கேலிப்படம் போட்டுப் பிழைத்தவர். ஸ்பால்டிங் என்ற பாடநூல் பதிப்பாளர் அவரிடம் ஒரு சொற்பட்டியலைக் கொடுத்தார். இதிலிருந்து 225 சொற்களுக்குள், ஒன்றாம் வகுப்புக் குழந்தை கீழே வைக்க முடியாத ஒரு கதை வேண்டும் என்றார். சில வாரங்களில் முடிந்துவிடும் என்று நினைத்த கைசலுக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. வெறுத்துப்போய், பட்டியலில் எதுகையாக அமையும் முதல் இரண்டு சொற்களையே தலைப்பாக வைப்பது என்று முடிவு செய்ததாக அவரே பிற்பாடு சொன்னார். கிடைத்தவை பூனையும் தொப்பியும். இப்படித்தான் 1957-ல் 'தி கேட் இன் த ஹேட்' வந்தது. மொத்தம் 236 வெவ்வேறு சொற்கள்.

கதை என்ன? மழை நாள். அம்மா வீட்டில் இல்லை. தொப்பி போட்ட பூனை ஒன்று உள்ளே வந்து வீட்டையே தலைகீழாக்குகிறது. அம்மா வருவதற்குள் எல்லாம் சரியாகுமா? இந்த ஒரு கேள்விதான் பக்கத்தைத் திருப்ப வைக்கிறது. பிறகு பதிப்பாளர் பென்னட் செர்ஃப், 50 சொற்களில் எழுத முடியாது என்று 50 டாலர் பந்தயம் கட்டினார். 1960-ல் சரியாக 50 சொற்களில் 'கிரீன் எக்ஸ் அண்ட் ஹாம்' வந்தது.

அதே 1957-ல் இன்னொரு புத்தகமும் வந்தது. எனக்கு அதுதான் இன்னும் நெருக்கம், ஏனென்றால் எழுதியவர் நம் இனம். எல்சி மினாரிக் ஒன்றாம் வகுப்பு டீச்சர். டென்மார்க்கில் பிறந்து, நான்கு வயதில் அமெரிக்கா வந்தவர். தன் வகுப்புக்கு ஏற்ற எளிய புத்தகம் போதவில்லை என்று தானே எழுதினார். அதுதான் 'லிட்டில் பேர்'. படம் வரைந்தவர் பின்னாளில் பெரும்புகழ் பெற்ற மாரிஸ் செண்டாக். பனியில் குளிருகிறது என்கிறது குட்டிக் கரடி. அம்மா தொப்பி தருகிறாள். மறுபடியும் வந்து குளிருகிறது என்கிறது. கோட்டு தருகிறாள். மறுபடியும் வருகிறது. கடைசியில் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, உன் சொந்த ரோமக் கோட்டே இருக்கிறதே என்கிறாள். குட்டிக்கு அதன் பிறகு குளிரவே இல்லை! சின்னச் சொற்கள், அதற்குள் ஒரு சிரிப்பு, ஒரு தாயின் அன்பு. சொல் குறைவாக இருந்தால் கதையும் குறைய வேண்டியதில்லை என்பதற்கு இதை விட என்ன சாட்சி வேண்டும்?

1957 நமக்கும் முக்கியமான ஆண்டுதான். கார்ட்டூனிஸ்ட் சங்கர் டெல்லியில் குழந்தைகள் புத்தக அறக்கட்டளையைத் தொடங்கியது அந்த ஆண்டு. நேஷனல் புக் டிரஸ்ட் தொடங்கியதும் அதே ஆண்டு. அவர்களின் நேரு பால புத்தகாலய வரிசையில் வந்த மலிவு விலைப் படப்புத்தகங்கள் தமிழிலும் கிடைத்தன. என் பள்ளி அலமாரியில் பாடநூல் அல்லாத படப்புத்தகம் என்று இருந்தவை அவைதான்.

ஆனால் அந்தப் பையனுக்கு அவையும் உதவவில்லை. ஏன் என்று யோசித்தபோதுதான் ஒரு விஷயம் புரிந்தது. ஆங்கிலத்தின் பூட்டு வேறு, தமிழின் பூட்டு வேறு.

ஆங்கிலத்தில் 26 எழுத்துகள்தான். சொல்லுக்குச் சொல் உச்சரிப்பு மாறுவதுதான் தொல்லை. அதனால் அங்கே சொற்களை எண்ணிக் குறைத்தார்கள். தமிழில் எழுத்து தெரிந்துவிட்டால் எந்தச் சொல்லையும் ஓரளவு வாசித்துவிடலாம். ஆனால் எழுத்துகள் 247. அந்தக் காலத் திண்ணைப் பள்ளியில் மணலில் விரல் வைத்து எழுதி எழுதி, மாதக்கணக்கில் இதைத் தாண்டினார்கள். பிறகு நேராக ஆத்திசூடி. 19-ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் பாலபாடங்களை எழுதி அச்சிட்டார். பெரிய தொண்டு. ஆனால் எழுத்தைத் தாண்டிய பிள்ளைக்கு நல்ல தமிழும் நல்லறிவும் தருவதே அவற்றின் நோக்கம். எழுத்தைத் தாண்டும் அந்த மாதங்களில் குழந்தை எதைப் படித்துச் சிரிப்பது?

இதோடு இன்னொரு சிக்கல். வீட்டில் 'மரத்துல ஏறுச்சு' என்று பேசும் பிள்ளை, புத்தகத்தில் 'மரத்தில் ஏறியது' என்று பார்க்கிறது. பாதி அந்நிய மொழி. எங்கள் காலத்தில் மூன்றாவதாகவும் ஒன்று சேர்ந்தது. 1978-ல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தது. புத்தகத்தில் புதிய லை, ளை. வீட்டில் சொல்லிக்கொடுக்கும் அப்பாவுக்குத் தெரிந்தது துதிக்கை வைத்த பழைய எழுத்து. பையன் யாரை நம்புவான்?

ஆகவே தமிழில் முதல் புத்தகத்துக்கு எண்ண வேண்டியது சொற்களை அல்ல, எழுத்துகளை. மினாரிக் டீச்சரைப் பற்றி அப்போது எனக்குத் தெரியாது. ஆனாலும் ஒரு சனிக்கிழமை பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் ஒரு புத்தகம் செய்தேன். ப, ட, ம, ர, த, ஆ. கூடவே ஒரு கால், ஒரு புள்ளி. மொத்தம் எட்டே குறிகள். ஒரு பக்கத்துக்கு ஒரு வரி:

மரம் ஆட,
படம் ஆட,
பட்டம் ஆட,
தாத்தா ஆட,
தாத்தா, பார்!

காற்று என்ற சொல் எங்கேயும் இல்லை. படத்தில்தான் காற்று அடித்தது. கடைசிப் பக்கத்தில் தாத்தாவின் துண்டு பறந்துபோய் மாட்டின் கொம்பில் மாட்டிக்கொண்டிருக்கும். எனக்கு ஓவியம் வராது. மாடு நாய் மாதிரி இருந்தது.

அந்தப் பையனிடம் கொடுத்தேன். முதல் வரியிலேயே திக்கினான். ம... ர... ம். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மனப்பாடம் திக்காது, வாசிப்புதான் திக்கும். கடைசிப் பக்கம் வந்ததும் படத்தைப் பார்த்தான், சிரித்தான். பிறகு விரலைக் கொண்டுபோய் எழுத்தின் மேல் வைத்து, 'தாத்தா, பார்!' என்று கத்தினான். 'டீச்சர், இது நாயா மாடா?' என்றும் கேட்டான்.

இன்று நிலைமை எவ்வளவோ மேல். சென்னையிலிருந்தே தூலிகா, தாரா போன்ற பதிப்பகங்கள் அழகான படப்புத்தகங்கள் போடுகின்றன. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் படிநிலை வாரியாக இலவசமாகவே கிடைக்கின்றன. தமிழக அரசின் வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாகச் சிறு புத்தகங்கள் வந்திருக்கின்றன. அந்தப் பெயர்களை வைத்தவரைக் கும்பிடத் தோன்றுகிறது.

ஆனாலும் புத்தகக் கண்காட்சியில் நான் பார்ப்பது, பளபள தாளில் பெரிய படமும் அதன் கீழே ஏழெட்டு வரி கடினத் தமிழும். விலையையும் படத்தையும் பார்த்து வாங்குகிறோம். குழந்தை ஒருநாள் புரட்டிவிட்டு மூலையில் போடுகிறது. பிறகு, பிள்ளைக்குத் தமிழ் வாசிக்க வரவில்லை என்று குறைபடுகிறோம்.

வாங்குமுன் மூன்றே கேள்வி கேளுங்கள். இந்தப் பக்கத்தில் குழந்தைக்குத் தெரியாத எழுத்து எத்தனை? சொல்லாத ஒன்றைப் படம் சொல்கிறதா? அடுத்த பக்கத்தைத் திருப்ப ஒரு காரணம் இருக்கிறதா? மூன்றும் சரியாக இருந்தால் விலை பத்து ரூபாயாக இருந்தாலும் நல்ல புத்தகம். கிடைக்காவிட்டால் காலண்டர் தாள் இருக்கிறது, நீங்களே செய்யுங்கள். மாடு நாய் மாதிரி இருந்தாலும் பரவாயில்லை.

நீங்கள் தானாக வாசித்த முதல் புத்தகம் எது? நினைவிருந்தால் எழுதுங்கள். தெரிந்துகொள்ள ஆவலாக இருக்கிறேன்.