நம் பிள்ளையின் ஏடு யார் கையில்?

திருப்புட்குழியைக் கல்விக்குப் பெயர்போன ஊர் என்பார்கள். காஞ்சிபுரத்துக்கு மேற்கே, பாலுசெட்டிசத்திரத்தை ஒட்டிய இந்த ஊரில்தான் யாதவப்பிரகாசரிடம் இராமானுசர் வேதாந்தம் படித்தார் என்பது வைணவ மரபு. அந்தத் திண்ணையில் நம் பிள்ளைகள் உட்கார்ந்திருக்க முடியாது என்பதை எந்தத் தலவரலாறும் சொல்வதில்லை.

இன்று நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்கள். பள்ளியின் கணினிக்குள்ளும் இருக்கிறார்கள். ‘எமிஸ்’ என்று எல்லோரும் சொல்லும் கல்வித் தகவல் மேலாண்மை முறையில் பெயர், சாதி, பெற்றோரின் தொழில், வருமானம், தொலைபேசி எண், இரத்த வகை எல்லாம் ஏறிவிட்டன. கொடுத்தது நாம். பார்ப்பது யார்?

பட்டுத்தறிக் கூலிக்குப் போகும் ஒரு அக்காவின் மகளுக்கு உதவித்தொகை வரவில்லை. கூடவே நாங்களும் போனோம். “அதெல்லாம் லாகின் இருக்கறவங்கதான் பாக்க முடியும்மா” என்றார்கள். மூன்றாவது முறை போனபோது ஒருவர் இரக்கப்பட்டுத் திரையைத் திருப்பிக் காட்டினார். வகுப்பு என்ற இடத்தில் ‘பி.சி.’ என்று இருந்தது. யார் பதிந்தது, எப்போது பதிந்தது, எதற்கும் பதில் இல்லை. பள்ளியின் பெயர் இங்கே வேண்டாம். எந்தப் பள்ளியிலும் இது நடக்கும்.

நம்மைப் பற்றி எழுதிய ஏட்டை நமக்குக் காட்டாத வழக்கம் கணினியோடு வந்ததல்ல. 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் நம் மக்களின் நிலை பற்றி அறிக்கை எழுதினார். அதைத் தொடர்ந்து 1892இல் பஞ்சமி நிலத்துக்கான அரசாணை வந்தது. நிலம் வந்தது, ஆனால் அது யார் பெயரில் இருக்கிறது என்று சொல்லும் பதிவேடு தாலுகா அலுவலகப் பீரோவில் இருந்தது. பூட்டிய பீரோவுக்குள் பெயர்கள் மாறின. காரணை பஞ்சமி நிலத்தை மீட்கக் கேட்டு 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் கூடியவர்கள்மீது போலீஸ் சுட்டது. ஜான் தாமசும் ஏழுமலையும் உயிரை விட்டார்கள். திருப்புட்குழியும் அன்று அதே மாவட்டம்தான்.

பள்ளி ஏட்டின் கதை இன்னும் சிக்கலானது. அங்கே நம் பிள்ளையின் சாதி மறைந்திருப்பதே இல்லை. கோழியாளத்தில் பிறந்த தாத்தா ரெட்டமலை சீனிவாசன் கோவையில் படித்த நாட்களைத் தன் ஜீவிய சரித்திரச் சுருக்கத்தில் சொல்கிறார். நானூறு பேர் படித்த இடத்தில் பத்துப் பேர் போக மற்றவர்கள் பிராமணர்கள். தன் ஊரும் உறவும் தெரிந்தால் சாதி தெரிந்துவிடும் என்று அஞ்சி, யாரோடும் விளையாடாமல், மணி அடிக்கும்வரை வெளியிலேயே உட்கார்ந்து படித்திருக்கிறார். தன்னைப் பற்றிய ஒரு தகவலைக் காப்பதற்காக ஒரு சிறுவன் தன் விளையாட்டையே விட்டான்.

நூற்றைம்பது ஆண்டு ஆகப்போகிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நம் மாணவனை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் தந்த அறிக்கை, வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக்கூடாது, உதவித்தொகை பற்றி வகுப்பில் அறிவிக்காமல் மாணவரைத் தனியே அழைத்துச் சொல்ல வேண்டும் என்று பரிந்துரைத்தது. தாளில் இருப்பதை அழிக்கலாம். திரையில் இருப்பதை எத்தனை பேர் பார்க்கிறார்கள்? ஒன்றிய அரசின் ‘தீக்‌ஷா’ செயலியின் தரவு, பூட்டில்லாத சர்வரில் ஓராண்டுக்கு மேல் திறந்து கிடந்தது 2023 ஜனவரியில் வெளியானது. சுமார் 6 லட்சம் மாணவர்களின் விவரங்கள் அதில் இருந்தன. முகம் தெரியாதவன் பார்க்கலாம், பெற்ற தாய் பார்க்கக்கூடாது!

அமெரிக்காவில் 1974லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். பெற்றோர் கேட்டால் 45 நாளுக்குள் பிள்ளையின் பள்ளிப் பதிவைக் காட்ட வேண்டும், தவறு என்றால் திருத்தக் கேட்கலாம். இங்கே 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 18 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் சார்பில் பெற்றோருக்கே அதில் உரிமை. ஆனால் 2025 நவம்பரில் வெளியான விதிகள், தகவல் கேட்கும் உரிமைக்கு 18 மாதம் தவணை வைத்தன. அதே நாளில், தவணை எதுவும் இல்லாமல், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) எனப்படும் தனிப்பட்ட தகவல் பிரிவைத் திருத்தி மறுப்பதை எளிதாக்கிவிட்டார்கள். பஞ்சமி நிலப் பதிவேட்டு நகல்களை நம் தோழர்கள் வாங்கியது அந்தச் சட்டத்தை வைத்துத்தான். நமக்குக் கொடுப்பதற்குத் தவணை, நம்மிடமிருந்து எடுப்பதற்கு அவசரம்.

அதற்காக யாரும் காத்திருக்கவில்லை. அக்கா தலைமையாசிரியருக்கு எழுத்தில் மனு கொடுத்து ஒப்புகையும் வாங்கிவிட்டார். மகளின் பதிவு முழுவதற்கும் அச்சு நகல், வகுப்பை மாற்றிப் பதிந்த தேதி, திருத்தம் ஆகியவற்றைக் கேட்டிருக்கிறார். எழுதி முடித்து மடிக்கப் போனவர் மறுபடி பேனாவை வாங்கி, அடியில் ஒரு வரி சேர்த்தார்: “என் மகளின் சாதியை இதுவரை யார் யார் திறந்து பார்த்தார்கள் என்பதையும் தெரிவிக்க வேண்டுகிறேன்.”