நிணநீர்க்கணு

நிணம் என்றால் கொழுப்பு. சங்கப் பாடல்களிலேயே புழங்கிய பழஞ்சொல். கணு, கரும்பிலும் மூங்கிலிலும் நாம் பார்ப்பது. உடலில் ஓடும் நிணநீரை வடிகட்டும் சிறு முடிச்சுகளுக்கு இவ்விரண்டையும் சேர்த்துப் பெயர் வைத்தார்கள். காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் ‘நெறி கட்டியிருக்கு’ என்கிறோமே, வீங்குவது இந்தக் கணுதான்.

மார்பகத்தின் நிணநீரில் பெரும்பகுதி அக்குளுக்கே வடிகிறது. மார்பகப் புற்றுநோய் பரவும்போது பெரும்பாலும் முதலில் எட்டுவதும் அங்கேதான். அறுவையில் எடுத்த கணுக்களில் நோயேறியவை 1 முதல் 3 வரையா, 4 முதல் 9 வரையா, 10 அல்லது அதற்கு மேலா என்று எண்ணிப் பார்ப்பது நிலை குறிப்பதில் முக்கியமான பங்கு. ‘கணுவுக்குப் போயிருச்சு’ என்றதும் நாலாம் நிலை என்று குடும்பமே உடைந்துபோகிறது. அப்படியில்லை. எலும்பு, நுரையீரல், கல்லீரல் எனத் தொலைவுக்குப் பரவினால்தான் நான்காம் நிலை. அக்குளோடு நின்றதைக் குணப்படுத்தும் நோக்கத்தோடுதான் மருத்துவர்கள் சிகிச்சை தருகிறார்கள்.

மலேசியத் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின் 2012–2016 அறிக்கைப்படி, பெண்களின் மார்பகப் புற்றுநோயில் ஏறத்தாழ 48 விழுக்காடு மூன்றாம், நான்காம் நிலையில்தான் தெரியவந்தது. சிகிச்சைக்கு, ஜொகூர் பாருவின் சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனையில் புற்றுநோய்ப் பிரிவே இருக்கிறது. அக்குளில் கட்டி தட்டுப்பட்டால், வலிக்கவில்லையே என்று விட்டுவிடாதீர்கள் அக்கா, பக்கத்து அரசு கிளினிக்கில் உடனே காட்டுங்கள்.