தனுஷ்கோடியும் அதன் பள்ளிக்கூடமும்

சேதுவில் நீராடி, ஆங்குள்ள மணலை முடிந்து காசிக்குக் கொண்டுசெல்லும் வழக்கத்தை நம் அன்பர்கள் அறிவார்கள். அம்மணல் கிடக்கும் கரையில் குடியிருப்போர் யாவர், அவர்தம் மக்கள் எங்ஙனம் எழுத்தறிவு பெற்றனர் என்பதை யாத்திரை செய்வோர் வினவுவதில்லை. ஆதலின் அதனை ஈண்டுச் சிறிது எடுத்துரைக்கப் புகுந்தோம்.

பாம்பன் தீவின் தென்கிழக்கு முனையில், இருபுறமும் கடல் நெருக்க, ஒடுங்கிய மணல்திட்டாய் நீண்டு கிடப்பது தனுஷ்கோடி. இராமேசுவரத்திலிருந்து ஏறத்தாழ 12 மைல். 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்ட பின்னர், சென்னையினின்று வரும் போட்மெயில் வண்டி இங்கு வந்து நிற்க, பிரயாணிகள் கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கினர். புகைவண்டி நிலையம், தபால் நிலையம், சுங்க அலுவலகம், மாதாகோயில் இவற்றோடு பள்ளிக்கூடமும் அமைந்தது. ஊர்ப்பிள்ளைகள் ஊரிலேயே கற்றனர்.

1964 டிசம்பர் 22-ஆம் நாள் இரவு பெரும்புயல் எழுந்தது. பாம்பனிலிருந்து வந்த பிரயாணிகள் வண்டி நிலையத்தை அணுகுமுன்னரே அலைவாய்ப்பட்டு, அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஊர் அழிந்தது. பள்ளியின் சுவர்கள் மட்டும் எஞ்சின. அப்பால் அவ்விடம் வாழ்தற்குத் தகாதது என்று அரசினர் சாற்றினர்.

அவ்வாணையிற் குற்றங் காண்டல் எளிதன்று. கடல் செய்ததைக் கண்ட பின் வேறென் செய்வர்? ஆயினும் கரைவலை இழுப்போர்க்குக் கடலே கழனி. வெள்ளம் ஒருமுறை வயலை அழித்ததென்று ஆழியாற்றங்கரை உழவன் ஊரை விட்டு ஓடுவானோ? அவர்களும் மீண்டு வந்தனர். ஓலைக்குடிசை வேய்ந்தனர்; மணலைத் தோண்டி, ஊறும் நன்னீரை அகப்பையால் முகந்து குடித்தனர்.

குடிசைகள் எழுந்தன, பள்ளி எழவில்லை. ஊரே இல்லை என்று ஏட்டில் எழுதப்பட்ட இடத்துக்கு ஆசிரியர் எங்ஙனம் வருவார்? ஏறத்தாழ 40 ஆண்டுகள் இந்நிலை நீடித்தது. பிள்ளையை இராமேசுவரத்தில் உறவினர் வீட்டில் விடுதல் வேண்டும். அன்றேல் வலைக்கயிற்றைக் கையிற் கொடுத்தல் வேண்டும். ஆறு வயதுக் குழந்தையைப் பிரிந்திருக்க எந்தத் தாய் உடன்படுவாள்?

கல்விக்கு உதவுதல் என்றவுடன் நகரில் விடுதி கட்டுதலே நம்மவர் நினைவுக்கு முதலில் வருகின்றது. வளர்ந்த மாணாக்கருக்கு அது நன்றே. சிறு குழந்தைகள் இருக்கும் இடத்துக்குப் பள்ளி செல்லுதல் வேண்டும் என்பதே எம் துணிபு. நம் ஆனைமலைக் காட்டினுள் காடர், மலசர், முதுவர் வாழும் குடியிருப்புகளும் தீவுகளே. நீருக்கு மாறாக அவற்றைக் காடு சூழ்ந்துள்ளது, அவ்வளவே.

இந்நூற்றாண்டில் தனுஷ்கோடியில் மீண்டும் ஒரு தொடக்கப்பள்ளி அமைந்து, பின்னர் நடுநிலைப்பள்ளியாக உயர்ந்தது. வாழத் தகாத இடத்தில் அரசினரே வருகைப்பதிவேடு திறந்து, அங்கு வாழ்வோர் மக்களின் பெயர்களை எழுதலாயினர். புயல் ஆணையினும் இவ்வேடு வலிதென்று யாம் கருதுகின்றோம். எட்டாம் வகுப்புக்கு மேற் கற்க விழைவோர் இராமேசுவரம் செல்லல் வேண்டும். முன்னர் அதற்கு மணலிலும் உப்புநீரிலும் வழி காணல் வேண்டியிருந்தது. முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை இட்ட சாலை 2017-இல் திறக்கப்பட்டபின் பேருந்தில் ஏறிச் செல்லுகின்றனர்.